மிதிக்கக் கால் இருக்கிறது, நிலமும் நீரும் யாரிடம்?

சம்பளத்தைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள் என்பதே என் வாதம்.

மழை பின்வாங்கும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறைகிறது. வேலை கிடைத்த நாளிலும் கிலோக் கணக்கு எட்டாமல் அரைப்பேர் விழுகிறது. அதே மாதங்களில்தான் லயத்துக்குப் பின்னால் நாம் போட்டிருக்கும் போஞ்சியும் கோவாவும் கரட்டும் வாடிக் கருகுகின்றன. கடையில் மரக்கறி விலை ஏறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். கையில் சம்பளம் இல்லை, விற்பதற்குச் சரக்கு இல்லை, வாங்கித் தின்னக் காசும் இல்லை. ஒரே வறட்சி ஒரு குடும்பத்தை மூன்று பக்கமும் அடிக்கிறது. பிறகு எஞ்சுவது கடைக் கடனும் நகை அடகும்தான்.

2019ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 வீதம். தோட்டப்புறத்தில் அது 33.8 வீதம். மூவரில் ஒருவர். இது கொரோனாவுக்கு முந்திய கணக்கு. 2022ஆம் ஆண்டின் விலையேற்றத்துக்கும் முந்தியது. 2021இல் 1,000 ரூபாவுக்காகவும் அதன் பின் 1,350 ரூபாவுக்காகவும் நாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டத்தை ஒரு நாளும் தளர்த்தக் கூடாது. ஆனால் வேலையே கொடுக்காத நாளுக்கு நாட்சம்பள உயர்வு என்ன செய்யும்? அந்த நாட்களில் குடும்பத்தைத் தாங்க வேறொரு தூண் வேண்டும். சிறு நிலமும் அதற்கு நீரும் அந்தத் தூணாக முடியும். எப்படி முடியும், எது தடுக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு வாளிக் கணக்கு

ஒரு குடும்பம் பத்துப் பேர்ச் நிலத்தில் மரக்கறி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர். பத்துப் பேர்ச் என்றால் 250 சதுர மீற்றர். வெயில் நாளில் பயிருக்கு 4 மில்லிமீற்றர் நீர் வேண்டும் என்று எடுத்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் லீட்டர் வருகிறது. பத்து லீட்டர் வாளியில் அது நூறு வாளி. இரண்டு கையிலும் இரண்டு வாளி தூக்கினால் ஐம்பது நடை. ஓடை ஐம்பது மீற்றர் தள்ளி இருந்தால் போக வர நூறு மீற்றர். ஐம்பது நடைக்கு 5 கிலோமீற்றர். அதில் பாதித் தூரம் 20 கிலோ சுமையோடு மேட்டில் ஏற வேண்டும். நாள் முழுதும் மலையில் நின்று கொழுந்து எடுத்த உடம்பு இதைச் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

அதனால் நாம் என்ன செய்கிறோம்? பத்துப் பேர்ச் இருந்தாலும் இரண்டு பேர்ச்சுக்கு மட்டும் ஊற்றுகிறோம். அல்லது மழையைப் பார்த்து விதைக்கிறோம். மழை எல்லோருக்கும் ஒன்றாகப் பெய்வதால் எல்லோருடைய கோவாவும் ஒன்றாக முற்றுகிறது. லொறிக்காரர் சொல்வதே விலை. அல்லது பிள்ளைகளைச் சுமக்க விடுகிறோம். வறட்சி மாதங்களில் முதல் பாடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளைகளில் பலர் தண்ணீர் சுமந்துவிட்டு வருபவர்கள் என்பது தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி.

எஞ்சின் பம்பி வாங்கலாமே என்பார்கள். வாங்கும் காசை விடுங்கள், ஓட்டும் செலவைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக ஏறியது. எண்ணெயை நம்பிப் பயிர் செய்த எத்தனையோ சிறு விவசாயிகளின் கணக்கு அந்த இரவோடு புரண்டது. பத்துப் பேர்ச்காரருக்கு எஞ்சின் என்பது எலி பிடிக்க யானை வாங்கிய கதைதான். வாளிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கருவி வேண்டும்.

ரங்பூரின் மூங்கில் மிதி

அப்படி ஒரு கருவி இருக்கிறது. வங்காளதேசத்தின் வடக்கே ரங்பூர், தினாஜ்பூர் பகுதி அந்த நாட்டிலேயே மிக வறிய பகுதிகளில் ஒன்று. அங்கே லூத்தரன் திருச்சபை சார்ந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த குனார் பார்ன்ஸ் என்ற நோர்வே நாட்டுப் பொறியியலாளர் 1970களின் இறுதியில் காலால் மிதித்து நீர் இறைக்கும் பம்பி ஒன்றை வடிவமைத்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்டன். பிஸ்டன்களோடு இணைந்த இரண்டு மூங்கில் மிதிகள். மேலே ஒரு கப்பியும் கயிறும். ஒரு காலை அழுத்தினால் மற்றக் கால் தானாக மேலே வரும். படியேறுவது போல மாறி மாறி மிதித்தால் நிலத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் வரும்.

இதன் சூட்சுமம் உடம்பில் இருக்கிறது. கைப்பம்பியை அடிக்கும்போது தோளும் கையும் மட்டும் வேலை செய்கின்றன. பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடும். மிதிக்கும்போது தொடையின் பலமும் உடம்பின் பாரமும் வேலை செய்கின்றன. நீர் ஆழமில்லாத இடத்தில் ஒரு ஆள் மணிக்கு 3,000 லீட்டர் வரை இறைக்கலாம். மேலே சொன்ன நூறு வாளி இருபது முப்பது நிமிட வேலையாகிவிடுகிறது.

காலால் நீர் இறைப்பது தமிழர்களுக்கும் புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் துலாவின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் இன்னொருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். எஞ்சின் பம்பி வந்த பின்னர்தான் அது மறைந்தது. துலாவுக்குக் குறைந்தது இரண்டு ஆள் வேண்டும். ரங்பூர்ப் பம்பிக்கு ஒரு ஆள் போதும்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து ஐ.டி.இ. என்ற அமைப்பு இந்தப் பம்பியை வங்காளதேசம் முழுவதும் பரப்பியது. இனாமாகக் கொடுக்கவில்லை. ஊர்ப் பட்டறைகளில் செய்ய வைத்து, ஊர்க்கடைகளில் விற்க வைத்து, குழாய் இறக்கிப் பொருத்த ஊர் மேஸ்திரிகளைப் பழக்கியது. விளம்பரத்துக்குப் பாட்டுக் குழுக்களை அனுப்பியது. சினிமாப் படம் கூட எடுத்துக் காட்டியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பம்பிகள் விற்றன. பழுதானால் திருத்த ஊரிலேயே ஆள் இருந்ததுதான் அதன் வெற்றிக்குப் பெரிய காரணம்.

இதைப் பற்றி ஆய்வு செய்து 2000ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது வேறு யாருமில்லை, நமது நாட்டில் பத்தரமுல்லையில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம். வங்காளதேசம், கிழக்கு இந்தியா, நேபாளத்துத் தராய் ஆகிய இடங்களில் பம்பி வாங்கிய குடும்பங்களின் நிகர வருமானம் ஆண்டுக்குச் சராசரி 100 டொலர் அளவில் கூடியது என்று அது கணக்கிட்டது. வருடம் முழுக்கக் கூலி வேலைக்கு அலைந்த குடும்பத்துக்கு அன்றைக்கு அது சின்னக் காசல்ல.

அந்த ஆய்வில் தொழிற்சங்கக்காரர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. வறியவர்களுக்கென்று வரும் எந்த உதவியும் வழியில் யாராவது வசதிக்காரர் கைக்குப் போய்விடுவது வழக்கம். நமது தோட்டங்களில் தகரமும் தண்ணீர்த் தாங்கியும் ஆட்டுக்குட்டியும் யார் யார் வீட்டுக்கு முதலில் போயின என்று உங்களுக்கே தெரியும். மிதிபம்பிக்கு அந்த வியாதி இல்லை. மணிக்கணக்கில் மிதிக்க வேண்டிய கருவியை வசதியுள்ளவர் ஆசைப்பட்டு வாங்கமாட்டார். அவர் எஞ்சின் வாங்குவார். ஆகவே அது தானாகவே வறியவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. பட்டியல் போட ஆளும் வேண்டாம், சிபாரிசுக் கடிதமும் வேண்டாம்.

அதற்காக இது நிரந்தரத் தீர்வு என்று சொல்ல வரவில்லை. மலிவான சீன டீசல் எஞ்சின்கள் வந்ததும் வங்காளதேசத்திலேயே பல இடங்களில் மிதிபம்பி ஓரமாகப் போனது. ஆனால் அது பல குடும்பங்களுக்கு முதல் படியாக இருந்தது. முதல் படியில் கால் வைக்க முடியாதவன் இரண்டாவது படிக்குத் தாவ முடியாது.

மலைக்கு ஏற்ற கணக்கு

ரங்பூர் தட்டையான ஊர். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். நமது மலையில் நிலம் சரிவு. தண்ணீர் பள்ளத்து ஓடையில். ஆகவே அங்கே வென்ற கருவியை இங்கே அப்படியே கொண்டுவந்து வைத்தால் வேலை செய்யாது. ஏதாவது ஒரு திட்டக்காரர் நாளைக்கு லொறியில் பம்பிகளைக் கொண்டு வந்து இறக்கி, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துவிட்டுப் போகக்கூடும் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உறிஞ்சும் பம்பி நீரை இழுப்பது போலத் தோன்றும். உண்மையில் நீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் நீரை ஏறக்குறைய 10 மீற்றர் உயர்த்தும். கசிவும் உராய்வும் போக நடைமுறையில் சுமார் 7 மீற்றர், அதாவது 23 அடி கிடைக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 18 அடிக்கு மேல் உறிஞ்சும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஓடை அதைவிடப் பள்ளத்தில் இருந்தால் எவ்வளவு மிதித்தாலும் குழாயில் காற்றுத்தான் வரும்.

இதற்கும் வழி இருக்கிறது. கென்யாவில் 1990களின் இறுதியில் 'சூப்பர் மணிமேக்கர்' என்ற மிதிபம்பி வந்தது. அது நீரை உறிஞ்சுவதோடு நிற்காமல் குழாய் வழியே மேட்டுக்கும் தள்ளும். சரிவு நிலத்துக்குத் தேவையானது அப்படிப்பட்ட பம்பிதான். ஓடைக்குப் பக்கத்தில் பம்பியை வைத்து, மேலே பாத்தியின் தலைமாட்டில் உள்ள பீப்பாய்க்கு நீரை ஏற்றலாம்.

ஆனால் பல தோட்டங்களில் பம்பியே தேவைப்படாது. சரிவு நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் இது: ஊற்று நிலத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் தானாக இறங்கி வரும். நமது முன்னோர் பீலி அமைத்தது இந்த அறிவில்தான். அரை அங்குல ஓஸில் நிமிடத்துக்கு ஒரு லீட்டர் மட்டும் மெல்ல வழிந்தாலும், மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை 720 லீட்டர் சேரும். 200 லீட்டர் பீப்பாய் மூன்றரை. ஒரு மீற்றர் நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டித் தடித்த பொலித்தீன் விரித்தால் ஆயிரம் லீட்டர் கொள்ளும். (சின்னப் பிள்ளைகள் விழாமல் மேலே பலமான மூடி கட்டாயம்.) பீப்பாயிலிருந்து செடியின் வேருக்கே சொட்டுச் சொட்டாக விடும் சிறு குழாய்கள் போட்டால் பூவாளியில் ஊற்றும் நீரைவிடக் குறைவாகவே போதும். பீப்பாய் பாத்திக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தாலே சொட்டுநீர் ஓடும்.

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் நமது சொந்தங்களின் நிலைமை வேறு. 1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள் பலர் இன்றும் பிறர் காணியில் கூலி வேலை செய்கிறார்கள். அங்கே நிலம் தட்டை. கிணற்றில் நீர் மேலாக நிற்கும் இடங்களில் சாதாரண ரங்பூர்ப் பம்பியே போதும். இந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

வங்காளத்து ஏழைக்கு இருந்தது, நமக்கு இல்லாதது

இனி விஷயத்தின் முடிச்சுக்கு வருவோம். கால் நமக்கும் இருக்கிறது. உழைப்புக்கும் குறைவில்லை. பிறகு என்ன தடை?

ரங்பூரின் விவசாயிக்குக் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ சொந்தமாகவோ குத்தகையாகவோ இருந்தது. அதன் அடியில் இருந்த நீரை எடுக்க அவர் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. இந்த இரண்டும் இருந்ததால்தான் பம்பி அவருக்குக் காசாக மாறியது. நமக்கு இரண்டும் இல்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போது தோட்டங்கள் அரசுக்குப் போயின. அந்தக் காணியிலேயே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்குப் பங்கு வரவில்லை. அந்தக் காலத்தில்தான், 1973, 74 பஞ்சத்தில், அரிசியும் மாவும் இல்லாமல் நமது பாட்டன் பாட்டிமார் கீரையையும் கிழங்கையும் தின்று கிடந்தார்கள். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் நாம் காணியோடு சேர்த்துக் கைமாறினோமே தவிரக் காணி நம் கைக்கு வரவில்லை.

இன்று தோட்டத்தில் மரக்கறி போடும் துண்டு நிலம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு அனுமதியில் இருக்கிறது. ஒரு துரை இருக்கும்வரை போடலாம். அடுத்த துரை வந்தால் பிடுங்கச் சொல்லலாம். புதிய வீட்டுத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட ஏழு பேர்ச் காணியைப் பாருங்கள். 550 சதுர அடி வீடு அதில் இரண்டு பேர்ச்சை எடுத்துக்கொள்ளும். மலசலகூடம், வழி, மண்சரிவுக்குக் கட்டிய சுவர் போக மிஞ்சுவது மூன்று நான்கு பேர்ச். வீட்டுக் கறிக்கு அது போதும். வறட்சி மாதத்தில் குடும்பத்தைத் தாங்கப் போதாது.

உறுதிப் பத்திரம் இல்லாததால் வரும் வினை இன்னும் இருக்கிறது. வங்கிக்குப் போனால் ஈடு கேட்கிறார்கள். கமநல சேவை நிலையத்துக்குப் போனால் காணி விவரம் கேட்கிறார்கள். விவசாயி என்று ஏட்டில் பெயர் இல்லாதவருக்கு விதையும் உரமும் நட்டஈடும் எங்கிருந்து வரும்? நம்மில் ஆயிரக்கணக்கானோர் விவசாயம் செய்கிறோம். ஆனால் நாட்டின் கணக்கில் நாம் விவசாயிகள் இல்லை.

நாளைக்கே பறிபோகக்கூடிய நிலத்தில் யார் குழாய் புதைப்பார்கள்? யார் மண்ணுக்கு எரு போட்டுப் பண்படுத்துவார்கள்? பம்பியைக் கொடுத்தாலும் அது லயத்துக் கோடியில் துருப்பிடித்துக் கிடக்கும். அப்போது 'இவர்களுக்குக் கொடுத்துப் பிரயோசனமில்லை' என்று நம்மைத்தான் சொல்வார்கள்.

யார் மிதிப்பது?

இதை ஆண்கள் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும். விடியமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் புறப்பட வைத்து, பிரட்டுக்குப் போய், மாலை நிறுவை முடிந்து இருட்டும் நேரத்தில் வீடு வரும் நமது அக்காமார், அம்மாமாரின் தலையில் இந்த மிதிப்பும் விழுந்தால் இது முன்னேற்றம் ஆகாது. இன்னொரு சுமை. கவ்வாத்து, புல்வெட்டு போன்ற வேலைகளை மதியத்தோடு முடித்துவிட்டு வரும் ஆண்கள் பலர் உண்டு. அரை மணி நேரம் மிதிப்பதால் யாருடைய மீசையும் உதிர்ந்துவிடாது. மரக்கறி விற்ற காசும் அதைப் பயிரிட்ட பெண்ணின் கைக்கோ அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கோ போக வேண்டும். தவறணைக்குப் போகும் காசுக்காக நாம் நிலம் கேட்கவில்லை.

தண்ணீரிலும் ஒழுங்கு வேண்டும். குடிநீர் முதலில், குளிப்பு அடுத்தது, பாத்தி அதற்குப் பிறகு. பீலிக்கு வரும் ஊற்றை யாரும் தன் கோவாவுக்குத் திருப்பக் கூடாது. மேல் லயம், கீழ் லயம் என்று முறை வைக்க வேண்டும். லயத்துக் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே இருந்து மரக்கறிக்கு நீர் எடுக்கக் கூடாது. இதெல்லாம் தோட்டக் கமிட்டி கூடிப் பேசித் தீர்க்கக்கூடியவை. தீர்க்காவிட்டால் வறட்சியில் கம்பனியோடு சண்டை பிடிப்பதற்குப் பதிலாக நமக்குள்ளேயே சண்டை பிடிப்போம்.

சம்பளத்துக்கு மாற்றீடு கிடையாது

ஒரு எச்சரிக்கை. நாம் நிலமும் நீரும் கேட்கும்போது, 'அதுதான் காணி கொடுத்திருக்கிறோமே, மரக்கறி விற்கிறீர்களே, இன்னும் ஏன் சம்பளம்?' என்ற பேச்சு மேசையில் வரும். வெளிவாரி முறையிலும் இதே வாசனை இருக்கிறது. தேயிலைத் துண்டைப் பிரித்துக் கொடுத்து, பராமரிப்பையும் நட்டத்தையும் தொழிலாளியின் தோளில் ஏற்றிவிட்டு, சேமலாப நிதியிலிருந்து நழுவுவதற்கு அது வழியாகிவிடக் கூடாது என்று நாம் சொல்லி வருகிறோம். மரக்கறி நிலத்துக்கும் அதே நிலைப்பாடுதான். சம்பளம் என்பது நாம் கம்பனிக்குச் செய்யும் வேலைக்கான விலை. காணி என்பது இருநூறு வருடமாக இந்த மலையைப் பண்படுத்தியவர்களுக்கு நாடு பட்டிருக்கும் கடன். இரண்டையும் ஒரே கணக்கில் கழிக்க விடக் கூடாது.

சங்கம் எழுதிக் கேட்க வேண்டியவை

வரும் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் பின்வரும் கோரிக்கைகளை விவாதித்து, தீர்மானமாக எழுதி, மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது என் யோசனை.

முதலாவது, தேயிலை பிடுங்கப்பட்டும் கைவிடப்பட்டும் கிடக்கும் நிலத்தைத் தோட்டம் தோட்டமாக அடையாளம் காண வேண்டும். எந்த மலை, எத்தனை ஏக்கர், எத்தனை வருடமாகச் சும்மா கிடக்கிறது என்று நாமே ஒரு பட்டியல் தயாரிக்கலாம். இதைச் செய்யத் துரையிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை; அந்த மலைகளில் புல்வெட்டிய நமக்கே தெரியும்.

இரண்டாவது, மரக்கறி நிலத்துக்கு வாய்ப்பேச்சு அனுமதிக்குப் பதிலாக, குறைந்தது பல வருடக் காலத்துக்கு எழுத்திலான குத்தகைப் பத்திரம் வேண்டும். அதில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். ஏழு பேர்ச் வீட்டுக் காணிக்கு முழு உறுதி வேண்டும் என்ற நமது பழைய கோரிக்கை இதோடு சேர்ந்தே நிற்கும்.

மூன்றாவது, ஓடையிலும் ஊற்றிலும் குடிக்கவும் பயிர் செய்யவும் நீர் எடுக்கும் உரிமை அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். நிலத்தைக் கொடுத்து நீரை மறுப்பது சோற்றைப் போட்டுக் கையைக் கட்டுவது போலாகும்.

நான்காவது, பிரதேச சபைகளுக்குப் போக வேண்டும். 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர் பிரதேச சபை தோட்டங்களுக்குள்ளும் அபிவிருத்தி வேலை செய்யலாம். நீர் எடுக்கும் சிறு தொட்டி, வடிகட்டி, பிரதான குழாய் ஆகியவற்றைச் சபையின் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்கலாம். நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஐந்தாவது, கருவி. பம்பியோ பீப்பாயோ சொட்டுக் குழாயோ, இலவசமாகக் கொடுத்துப் படம் பிடிக்கும் வேலை வேண்டாம். அடக்க விலைக்கு, தவணையில், கூட்டுறவு மூலம் கொடுக்கட்டும். தன் காசில் வாங்கியவர் அதைப் பேணுவார்; பழுதானால் குரலும் கொடுப்பார். திருத்துவதற்கு நமது தோட்டத்து இளைஞர்களில் இருவர் மூவரைப் பழக்க வேண்டும். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நிற்கும் பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு கைத்தொழில் கிடைக்கும்.

ஆறாவது, தோட்டத்தில் பயிர் செய்பவர்களையும் விவசாயிகளாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தால்தான் வறட்சியில் நட்டஈடு கேட்கும்போது நமது பெயர் ஏட்டில் இருக்கும்.

இவற்றில் எதுவும் நாளைக்கே கிடைத்துவிடாது என்பது தெரியும். ஆயிரம் ரூபாவும் ஒரு நாளில் கிடைக்கவில்லை. ஆனால் முதல் கோரிக்கைக்கு யாருடைய தயவும் வேண்டாம்: ஒரு கொப்பி, ஒரு பேனை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து, சும்மா கிடக்கும் நிலம் எது, அதற்கு மேலே ஊற்று இருக்கிறதா, கீழே ஓடை எத்தனை அடிப் பள்ளத்தில் ஓடுகிறது என்று எழுதி எடுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை வரைபடம் வரையச் சொல்லுங்கள், சந்தோஷமாக வருவார்கள். அடுத்த வறட்சி வருமுன் அந்தப் பட்டியல் மாவட்டக் காரியாலயத்து மேசையில் இருக்கட்டும். மேசையில் பட்டியல் இருந்தால்தான் அடுத்த பேச்சுவார்த்தையில் நமது பிரதிநிதிகள் நிலத்தையும் நீரையும் இடம் சொல்லிக் கேட்க முடியும்.